புது டீச்சர்

பணி ஓய்வு பெற்ற நாளில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, ரோஜா மாலை போட்டு, காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். கூட வந்த டீச்சர்கள் காப்பி குடித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர், “இனி ஒனக்கு அதட்டுகதுக்கு நான் ஒருத்தன்தான் உண்டு. பைய அதட்டு கேட்டியா” என்றார். அந்த ஒருவரும் அதிக நாள் இருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். கொட்டாரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது வீடு. மகள் மஸ்கட்டில், மகன் பெங்களூரில். ரெண்டு பேரும் நல்ல பிள்ளைகள், குறை சொன்னால் எனக்கு வாய் வெந்துபோகும். ஒருநாள் மகள் போனில் கூப்பிட்டவள், “என்னம்மா தொண்டை கட்டியிருக்கு? சளியா?” என்று கேட்டாள். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அவளிடம் சொன்ன ஹலோதான். அப்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் இருக்கிற வகுப்பு அடங்கும், அப்படி ஒரு தொண்டை எனக்கு. அது துருப்பிடித்துப் போயிருந்தது.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருதடவை கருவூலத்துக்குப் போய், நாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். நேர்காணல் என்று அதற்குப் பெயர். கூட்டத்தில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு மட்டும் அது பிடிக்கும். மேஜைக்குப் பின்னால் இருக்கிறவர் தலையை நிமிர்த்தி என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார், ‘சரி’ என்பார். நான் இருக்கிறேன் என்று ஒரு ஆள் ஒப்புக்கொண்டாயிற்று. அன்றைக்கு மனசு குளிர்ந்து பஸ் ஏறுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் என் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஹெச்.எம். கூப்பிட்டார். எனக்கு இளையவர், என்னோடு வேலை பார்த்தவர், இன்றும் என்னை அக்கா என்றுதான் அழைப்பார்.

“அக்கா, தமிழுக்கு ஆளில்லாம கெடக்கு. பிள்ளைகள் கிளாஸ்ல கெடந்து கூத்தாடுகு. நீங்க வாறியளா? முழு நேரமும் இருக்கணும். ஒங்க பென்ஷனுக்கு ஒரு கேடும் வராது, அது தனி, இது தனி. ஆள் வாற வரைக்கும்தான்.”

“யோசிச்சுச் சொல்லுகேன்” என்று மிடுக்காகச் சொல்லிவிட்டு, போனை வைத்த கையோடு காட்டன் சேலைகளை எடுத்துக் கஞ்சியில் முக்கினேன். மறுநாள்வரை கௌரவத்துக்காகப் பொறுத்திருந்தேன். ‘ஆள் வாற வரைக்கும்’ என்ற பேச்சு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அப்படியானால் நான் யார்? ஆனால் அதையெல்லாம் கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

மகளுக்குப் பிடிக்கவில்லை. “அம்மா, ஊர்ல என்ன நினைப்பாவ? பிள்ளைகள் பைசா அனுப்பாததுனால இந்த வயசிலயும் வேலைக்குப் போறான்னு சொல்ல மாட்டாவளா?”

“சொல்லுகவ சொல்லட்டும் மக்கா. அவியளுக்கும் ஒரு சோலி வேண்டாமா?” என்றேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் அந்த ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்புக்கு அதெல்லாம் தெரியுமா? முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், புது டீச்சர். நரைத்த தலையும் மூட்டுவலியும் இருக்கிற இந்தப் புது டீச்சர் மாடிப்படியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறி வரும்போது, “ஏலே, புது டீச்சர் வருகு!” என்று வாசலில் நிற்கிற பயல் கத்துவான். உள்ளே பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக இன்னொரு மாடிகூட ஏறுவேன்.

ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் என்னைப் பிடித்தது என்று சொல்ல முடியாது. கணக்கு டீச்சர் ஒருத்தி, சின்னவள், வாய் நீளம். நான் வாசலில் நிற்பது தெரியாமல், “டீச்சருக்கு என்னா, அங்கயும் வாங்குகாவ, இங்கயும் வாங்குகாவ” என்றாள். நான் உள்ளே போய், “ஆமா வாங்குகேன். அதுல ஒனக்கு எங்க வலிக்கு?” என்று கேட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் சபையிலேயே பி.எட். முடித்துவிட்டுத் துணிக்கடையில் நிற்கிற பெண்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவர்கள் கண்ணை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் அந்த இடத்தை நான் விடத் தயாராக இல்லை. பணத்துக்காக வரவில்லை என்று அவர்களிடம் சொல்லலாம். அதைச் சொன்னால், அப்புறம் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்பார்கள்.

தொண்டை ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது குரல் கம்மிப்போய், கால் வீங்கி, சாக்பீஸ் பொடி சேலையில் ஒட்டியிருக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தால் முன்பு போலவே ஒரு சத்தமும் இருக்காது. ஆனால் அந்த மௌனம் இப்போது எனக்கு ஓய்வாக இருந்தது. அதுதான் வித்தியாசம். நாளைக்குக் காலையில் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ராத்திரி சும்மா இருப்பது பெரிய காரியம் இல்லை.

அந்த வகுப்பில் ஒரு பெண். அவளுடைய அப்பா மேற்கே அருமனைப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், இங்கே ஏதோ கடையில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்துவிட்டார். புதிதாகச் சேர்ந்தவள், அதனால் வாயைத் திறக்கவே மாட்டாள். ஒருநாள் எழுந்து நின்றாள்.

“டீச்சர், வெள்ளம் குடிச்சிட்டு வரட்டா?”

வகுப்பே சிரித்தது. “வெள்ளமாம் லே!” என்று ஒருத்தன் பெஞ்சில் தட்டினான். எங்கள் பக்கத்தில் தண்ணி என்போம். மேற்கே போனால் மலையாளத்தில் சொல்வதுபோல வெள்ளம்தான். என் வீட்டுக்காரரும் மேற்கேதான், மார்த்தாண்டத்துக்காரர். கல்யாணம் ஆன மறுநாளே, “ஏட்டி, இத்திரி வெள்ளம் தா” என்றார். “வெள்ளம் பழையாத்துல போவும், இங்க தண்ணிதான் உண்டு” என்று தமிழ் டீச்சர் பவிசைக் காட்டினேன். சாகிறவரைக்கும் அவர் வெள்ளம் என்றே கேட்டார், நானும் விடாமல் திருத்திக்கொண்டே செம்பை நீட்டினேன். அவர் போனபின் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை. அவள் பயந்துபோய், “தண்ணி” என்று மாற்றிச் சொன்னாள்.

“மாத்தாத. நீ சொன்னதுதான் சரி. போய்க் குடிச்சிட்டு வா மக்கா” என்றேன். சிரித்தவர்களைப் பார்த்த பார்வையில் மின்விசிறிச் சத்தம்கூட அடங்கியதுபோல இருந்தது. காக்கைக் கதை எழுதச் சொன்னபோது அந்தப் பெண், ‘காகம் வெள்ளம் குடித்துப் பறந்தது’ என்று எழுதியிருந்தாள். சர்வீஸ் முழுவதும் அதைச் சிவப்பு மையில் சுழித்தவள் நான். இந்தத் தடவை அப்படியே விட்டேன். காகமும் குடித்துவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பை இழந்துவிடுவேனோ என்ற பயம் அதிகமாகிவிட்டது. ஹெச்.எம். அறையில் போன் அடித்தால் வாசல் பக்கம் போய் நின்று காது கொடுப்பேன். கலந்தாய்வு நடக்கிறது, காலி இடங்களை நிரப்புகிறார்கள் என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. சர்ச்சில் முழங்கால் போட்டு, ‘ஆண்டவரே, காத்திருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல வேலை கொடும், இங்கே மட்டும் வேண்டாம்’ என்று ஜெபித்தேன். இந்த ஜெபத்தைக் கேட்டு அவர் என்ன நினைத்தாரோ.

ஐப்பசி மழையில் ஆள் வந்துவிட்டது. விழுப்புரம் பக்கத்துப் பெண், முதல் வேலை, கையில் நியமன ஆணை, பக்கத்தில் ஈரப் பெட்டி. கூட வந்த அப்பா அன்றைக்கே திரும்பிப் போகிற ரயிலுக்கு அவசரப்பட்டார். அவர் ஆட்டோ ஏறிய உடன் அந்தப் பெண் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். சொந்த மாவட்டத்தில் இடம் இல்லை, பக்கத்திலும் இல்லை, கடைசியில் மிஞ்சியது இதுதானாம். “இவ்ளோ தூரம் வரவே எனக்கு இஷ்டம் இல்லீங்க மேடம்” என்றாள். வர இஷ்டம் இல்லாதவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்து, போக இஷ்டம் இல்லாத என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கோபம் வந்தது. அவள் அழுகிற அழுகையைப் பார்த்தபின் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ரெண்டு நாள் கூட இருந்து வகுப்பை ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்றார் ஹெச்.எம். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த அருமனைப் பெண் எழுந்து வெள்ளம் குடிக்கக் கேட்டாள். “வெள்ளமா? எங்க?” என்று புது டீச்சர் பதறி ஜன்னலுக்கு ஓடினாள், வெளியே அப்படி ஒரு மழை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. விஷயம் புரிந்ததும் அவளும் சிரித்தாள், வந்த பிறகு முதல்தடவையாக. பிள்ளைகளுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. மணி அடித்ததும் அவளைச் சுற்றி நின்று, எந்த ஊர், சேலை எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பின் பெஞ்சில் நான் இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது சரிதான், பிள்ளைகள் அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு வலித்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள், “மேடம், இங்க பக்கத்துல தங்குறதுக்கு ரூம் எதாவது கிடைக்குமா?” என்று கேட்டாள்.

என் வீட்டு மாடி முழுவதும் சும்மாதான் கிடக்கிறது. தனி பாத்ரூம், தனி வாசல் எல்லாம் உண்டு. “என் வீட்லயே இருக்கலாமே” என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

“வாடகை எவ்ளோ மேடம்?”

எனக்குப் பென்ஷன் வருகிறது. கேட்கத் தோன்றவில்லை. “வாடகை என்னத்துக்கு? ஒண்ணும் வேண்டாம். சாப்பாடும் நானே பொங்கித் தருவேன். காலம்பற பஸ் ஏத்தி விடுகேன். சாயங்காலம் நீ வந்தா காப்பி போட்டுக்கிட்டு ரெண்டு பேருமாப் பேசிக்கிட்டு இருக்கலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்.” நிறுத்த முடியாமல் பேசிக்கொண்டே போனேன். அவள் கையில் எடுத்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. “சரிங்க மேடம், வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள்.

நான் மாடியைக் கழுவினேன், புது விரிப்பு வாங்கிப் போட்டேன். ஒரு தகவலும் இல்லை. பொறுக்க முடியாமல் ஹெச்.எம்.முக்குப் போன் பண்ணினேன்.

“அவ கோட்டாத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சேந்துட்டாளே அக்கா” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டு, “அந்தப் பிள்ளை பயந்துபோச்சு. அந்த மேடம் ஏன் வாடகை வேண்டாங்காங்கன்னு என்கிட்ட வந்து கேக்கு. நீங்க ஏதாவது ஒரு தொகையச் சொல்லியிருக்கலாம் அக்கா, பேசாம வந்திருப்பா” என்றார்.

நானும் சிரித்தேன். போனை வைத்தபின் யோசித்துப் பார்த்தேன். அவள் கேட்டது வாடகை மட்டும்தான். நான் அதற்குச் சொன்ன பதிலில், இந்த வீட்டில் சாயங்காலங்கள் எப்படி இருக்கும் என்பது முழுவதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்தபின் யார்தான் வருவார்கள்?