சந்தனம் பூசிய நோட்டீசும் காஜா பேராங் மதகும்

மலாக்காச் செட்டிகள் வாழும் கம்போங் செட்டிக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் முதலில் அங்கே போனது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு. திருவிழா பார்க்க அல்ல, ஒரு மதகைப் பார்க்க. வெள்ளைக்காரர் காலி செய்த நாற்காலியில் சிவநாதன் என்ற தமிழ்ப் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். மலாக்கா ஆற்று மதகுகளும் வாய்க்கால்களும் இனி அவர் பொறுப்பு. அவரைப் பற்றி எழுதப் பத்திரிகை என்னை அனுப்பியது.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய தொண்ணூறு மைல். நான்கு பேர் சேர்ந்து போகும் டாக்சியில் தலைக்கு ஐந்து வெள்ளி.

“திருவிழாவுக்காண்ணே?” என்றார் டிரைவர்.

“இல்ல, மதகு பார்க்க.”

“மதகு பார்க்கவா அஞ்சு வெள்ளி!”

காஜா பேராங் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் அந்த மதகு இருந்தது. கடல் ஏறும்போது உப்புநீர் வயலுக்குள் புகாமல் அதன் இரும்புக் கதவு தடுக்கும். கீல் தேய்ந்துவிட்டதால் கதவைக் கழற்றியிருந்தார்கள். மேலே மண்ணணை போட்டுத் தண்ணீரை நிறுத்தி, கீழே வற்றவைத்து வேலை நடந்தது. அன்று பௌர்ணமி, கடல் அந்த மண்ணணையையும் தாண்டி ஏறும். மாலைப் பெருக்கு வருமுன் கதவை மாட்டாவிட்டால், புதிதாக நட்ட நாற்று அத்தனையும் கருகிவிடும். சிவநாதன் தனியாக ஏற்ற முதல் வேலை அது.

காலையில் நானும் சிவநாதனும் போனபோது மதகுக்குப் பக்கத்துப் படித்துறையில் மலாய்க் கெபாயாச் சட்டை அணிந்த பெண்களும் வேட்டி கட்டிய ஆண்களும் கூடியிருந்தார்கள். மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்குமுன் அங்கே குளிப்பது அவர்கள் வழக்கம். படிக்குக் கீழே வெறும் சேறு.

“ஆயர் மானா, துவான்?” என்றார் முன்னால் நின்ற பெண். தண்ணீர் எங்கே ஐயா என்று கேட்கிறார்.

சிவநாதன் என் பக்கம் திரும்பினார். “தண்ணி நிக்கும்னு கோயில் சுவத்துலயே தமிழ்ல நோட்டீஸ் ஒட்டினேனே!”

செட்டிகளின் பெயர் தமிழ், சாமி தமிழ். பேச்சு மட்டும் மலாய். தமிழ் எழுத்தைக் கோயிலில் பார்த்துத்தான் பழக்கம். யாரோ புதிய துதி எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, நோட்டீசுக்குச் சந்தனம் பூசிப் பூ வைத்திருந்தார்கள். சிவநாதன் மலாயில் விளக்கியதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

“அப்போ இத்தனை நாளா உங்க இலாகாவுக்கா சூடம் காட்டினோம்?”

வேலையாட்களின் மேஸ்திரியான மண்டோர் காத்தமுத்து மட்டும் சிரிக்கவில்லை. சிவநாதன் மண்ணணைப் பக்கம் திரும்பியதை அவர் பார்த்துவிட்டார். “அணையை வெட்டிடாதீங்கய்யா. கடல் என்ன உங்க மாமனாரா, காத்துக்கிட்டு நிக்க?”

சிவநாதன் அவரிடம் மண்வெட்டியை நீட்டினார். “தப்பு என்னோடது காத்தமுத்து. வெட்டு.”

தண்ணீர் படியேறியது, குளித்துக் குடமெடுத்துப் போனார்கள். மதகுக் குழி நிரம்பிவிட்டது. மறுபடி அணை கட்டி, தண்ணீரை வடியவிட்டபோது மதியம் தாண்டிவிட்டது. அப்போது நெற்றித் திருநீறு கலையாமல் செட்டி ஆண்கள் மண்ணெண்ணெய் டின்களோடு வந்தார்கள். எந்தப் பக்கத்துச் சேற்றை அள்ளுவது என்று மட்டும் கேட்டுவிட்டுக் குழியில் இறங்கினார்கள்.

கதவு மாட்டி முடிந்தபோது பெருக்கு வந்துகொண்டிருந்தது. ஆறு ஏறி நின்ற பிறகு சிவநாதன் வயல் பக்கத்து வாய்க்காலில் இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“எப்படிங்கய்யா?”

“நீயே பாரு.”

காத்தமுத்து ஒரு வாய் அள்ளித் துப்பினார். “சேறு நாறுது. உப்பு இல்ல.”

சிவநாதன் பிற்காலத்தில் பெரிய அணைகளையெல்லாம் நிர்வகித்து ஓய்வு பெற்றார். மதகை மூடுமுன் கரையோர வீடுகளுக்குத் தானே போய்ச் சொல்லிவிட்டு வருவார். கீழே வேலை செய்தவர்கள் அதைத் தொல்லை என்றார்கள். அவர் விடவில்லை.

போகிறவர்களுக்கு: கம்போங் செட்டி இருக்கும் காஜா பேராங், டவுனிலிருந்து நடக்கும் தூரம்தான். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். திருவிழா நாளில் வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். வீட்டுக்கு முன் நின்று, மலாயில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பிறகு சாப்பிடாமல் திரும்புவது கஷ்டம்.