மூச்சக்காவின் கல் முகம்

“மூச்சை நல்லா இழுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே பிடிங்க, விட்டுடாதீங்க!” என்று கட்டிலில் படுத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, தானும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். திரையில் கல்லீரல் விலா எலும்புக்கு அடியிலிருந்து மெல்ல இறங்கி வந்து நிற்கிறது. டக்கென்று படம் பிடிக்கிறாள். “இப்ப விடலாம்” என்றதும் அவர் விடுகிறார். இவளும் புஸ்ஸென்று விடுகிறாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை வருகிற அத்தனை பேரோடும் இவள் மூச்சும் உள்ளே போய் வெளியே வருகிறது. உனக்கென்ன தலையெழுத்து, நீ எதற்குப் பிடிக்கிறாய் என்று கேட்டால், “நான் விட்டா அவங்களும் விட்டுடுவாங்க, பாத்திருக்கேன்” என்பாள். அதனால் வட்டாரம் முழுக்க இவள் மூச்சக்கா.

நாளுக்கு ஒரு கிளினிக் என்று சுற்றுகிற வேலை. நாற்பதைத் தாண்டியவர்களைப் படுக்க வைத்து, வயிற்றை ஸ்கேன் செய்து, கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கொடுக்க வேண்டும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு நோயும் இல்லாதவர்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று யாராவது வாயால் சொல்லிக் கேட்டுவிட்டுப் போக வந்தவர்கள். அதைச் சொல்கிற உரிமை டாக்டருக்கு மட்டும்தான். மூச்சக்காவுக்குக் கிடையாது. அவளுடைய ஆயுள்காலத் துக்கம் அது ஒன்றுதான்.

ஸ்கேன் மெஷினுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. வேனில் நல்ல சீட்டு அதற்கு. இவள் ஓரத்தில் ஒடுங்கி உட்காருவாள். வெயில் ஆகாது, தூசி ஆகாது, பிளக் கொஞ்சம் தளர்ந்தால் போதும், திரை கறுத்துவிடும். “மாப்பிள்ளைக்கு முறுக்கு ஏறிடுச்சு. ஒரு நிமிஷம் படுத்திருங்க, சமாதானம் பண்ணிட்டு வந்துடறேன்” என்று வயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகுவாள். திரை வெளுத்ததும் அதன் தலையில் செல்லமாக ஒரு தட்டு. “என்னை ஒரு நாளாவது இப்படித் தாங்கியிருக்கியா?” என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். “அது வயித்துக்குள்ள இருக்கிறதையே கண்டுபிடிச்சுக் குடுக்குது. உங்களுக்கு எதிர்ல கிடக்கிற துண்டு தெரியல” என்று பதில் வந்திருக்கிறது.

ஜெல் பாட்டில் எப்போதும் அவள் கக்கத்தில் இருக்கும். ஸ்கேனுக்குத் தடவுகிற அந்தக் கொழகொழப்பு சில்லென்று வயிற்றில் விழுந்தால் ஆளே துள்ளிப் போவார்கள் என்பதால் உடம்புச் சூட்டில் வைத்துப் பக்குவப்படுத்துகிறாள். துணி எல்லாம் பிசுபிசுப்பு. “நத்தை ஊர்ந்த மாதிரி இருக்கு உன் சட்டைக் கை” என்று மாமியார் துவைக்கும்போதெல்லாம் அலுத்துக்கொள்வார். அந்த மாமியாரையும் விட்டு வைக்கவில்லை. சொந்த விடுமுறை நாளில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், வரிசையில் உட்கார வைத்து, படுக்க வைத்து, “மூச்சை இழுங்க அத்தே” என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

பஸ்ஸில் ஏறினால் வேடிக்கை இன்னும் அதிகம். எதிரில் நிற்பவர்களின் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை, வயிற்றைத்தான் பார்ப்பாள். “முன்னாடி நீலச் சட்டை. கல்லீரல்ல கொழுப்பு. வேணும்னா பந்தயம் கட்டுங்க” என்று வீட்டுக்காரரை முழங்கையால் இடிப்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த அம்மாவை யாரென்றே தெரியாதவர்போல உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் அந்த நீலச் சட்டைக்காரரே கிளினிக்குக்கு வந்து படுத்தார். கொழுப்பும் இருந்தது. “நான் அன்னைக்கே சொன்னேன்ல” என்று துள்ளாமல் இருக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

கை வேலையில் அவளுக்கு இணை கிடையாது. வாய்தான் வினை. ஒருமுறை ஒரு பெரியவரின் பித்தப்பையில் கல்லைப் பார்த்துவிட்டு, “எம்மாடியோவ், எம்மாம் பெருசு!” என்று வாய்விட்டாள். வியப்புதான், வேறொன்றும் இல்லை. பெரியவர் அங்கேயே மயக்கம் போட்டுவிட்டார். அடுத்த முறை ஒரு தையல்காரரிடம், “எல்லாம் ஜம்முனு இருக்கு, கவலையை விடுங்க” என்றாள். மனிதர் டாக்டருக்காகக் காத்திராமல் சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டார். டாக்டர் படத்தைப் பார்த்தால் சிறுநீரகத்தின் ஓரத்தில் கவனிக்க வேண்டிய ஒரு புள்ளி. கிளினிக்கே தெருத் தெருவாக அவரைத் தேடிக்கொண்டு போயிற்று. தேடிப் பிடித்துக் கூட்டிவந்த பெரிய சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், இரைக்க இரைக்க வந்து நின்று சொன்னார்: “இன்னொரு தடவை உன் வாய் திறந்துச்சு, அதோட சரி. மெஷினைத் தொட முடியாது. டோக்கன் குடுக்கிற ஜன்னல்ல உக்கார வெச்சுடுவேன்.” பெரிய சிஸ்டர் விளையாட்டுக்கு எதுவும் சொல்கிறவர் இல்லை. மாப்பிள்ளை இல்லாமல் ஜன்னலில் உட்காருவதை மூச்சக்காவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்று முதல் பயிற்சி தொடங்கிற்று. கண்ணாடிக்கு முன் நின்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று ஜோக் சொல்லுவார், இவள் சிரிக்கக் கூடாது. கெட்ட செய்திக்கான கல் முகம் சீக்கிரமே பழகிவிட்டது. சந்தோஷத்தை அடக்குகிற கல் முகம்தான் படியவில்லை. மூக்கு விடைக்கும், தாடை நடுங்கும், கண்ணில் குளம்போல் நீர் கட்டும். அறைக்குள் வந்த மாமியார் ஒருநாள் பார்த்துப் பதறிவிட்டார். “ஏம்மா, பல் வலியா? கிராம்பு வெச்சுக்கிறியா?”

போன வாரம் வந்தவர் பேக்கரிக்காரம்மா. கடைத்தெரு முனையில் பேக்கரி வைத்திருக்கிறார். வாட்டசாட்டமான உடம்பு, முழங்கைவரை மாவு, நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். அன்று அந்தக் குரலைக் காணவில்லை. கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

“வயித்துல கட்டி, கண்ணு,” என்றார் மெதுவாக. “மூணு நாலு மாசமா வளருது. கடைக்கு வர்றவங்க, பன்னு தின்னு பன்னு மாதிரி ஆயிட்டேன்னு கிண்டல் பண்றாங்க. எனக்குத் தெரியும் இது என்னன்னு. எங்க அக்கா இப்படித்தான் போனா. இதே மாதிரிதான் வயிறு வீங்குச்சு. வீட்ல யார்கிட்டயும் சொல்லல.”

வழக்கமான கேள்விகளை மூச்சக்கா கேட்டாள். மாதவிலக்கு? “அதெல்லாம் நின்னு அஞ்சு மாசமாச்சு. நாப்பத்தி நாலு வயசாகுது, நிக்காம என்ன செய்யும்?” கர்ப்பம் ஏதாவது? பேக்கரிக்காரம்மா அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். “போடி இவளே! என் மூத்த பொண்ணுக்கு இது ஏழாம் மாசம். கேக்கிறா பாரு கேள்வி!”

சூடான ஜெல்லைத் தடவி ஆரம்பித்தாள். கல்லீரல், பித்தப்பை, இரண்டு சிறுநீரகம். எல்லாம் பளிச். “கீழ பாரு கண்ணு, அங்கதான் உருளுது” என்று பேக்கரிக்காரம்மா அவள் கையைப் பிடித்து அடிவயிற்றில் வைத்தார். வயிற்றில் வைத்து ஓட்டுகிற ப்ரோபை மூச்சக்கா அங்கே அழுத்தினாள். திரையில் முதலில் ஒரு வளைவு தெரிந்தது. அப்புறம் மணி கோத்த மாதிரி முதுகெலும்பு. அப்புறம் அதுவே காலை மடக்கி ஒரு உதை விட்டது.

மூச்சக்கா மூச்சை இழுத்தாள், விடவில்லை.

உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கிளம்பி நெஞ்சுவரை வந்துவிட்டது. அடியம்மா, கட்டியுமில்லை கிட்டியுமில்லை, குழந்தை! அது பாட்டுக்குக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு ஜாலியாகக் கிடக்கிறது! எழுந்து நின்று ஒரு ஆட்டம் போட வேண்டும் போலிருந்தது. போட முடியுமா? கண்ணாடி முன் பழகிய கல் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாள். மூக்கு விடைத்தது. தாடை நடுங்கிற்று. கண்ணில் நீர் கட்டி, பொல பொலவென்று வழிந்தும்விட்டது.

பேக்கரிக்காரம்மா அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப அதேதானா?”

“டாக்டர் வந்து சொல்லுவாங்கம்மா,” என்றாள் மூச்சக்கா. குரல் கீச்சென்று வந்தது.

“உன் மூஞ்சியே சொல்லுதே கண்ணு.”

மூச்சக்கா ஓடிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் அன்று அடுத்த கிளினிக்கில். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. மதியத்துக்கு முன்னால் வர மாட்டார் என்று டோக்கன் ஜன்னலில் சொன்னார்கள். பெரிய சிஸ்டர் இரண்டு அறை தள்ளி யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், பேக்கரிக்காரம்மா ஜெல் வயிற்றோடு படுத்தபடியே வீட்டுக்காரருடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாவுக் கையோடு பேசிப் பேசிப் பழகிப்போன வழக்கம்.

“இங்க பாருங்க, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. உங்க பிரஷர் மாத்திரை மிக்ஸிக்குப் பின்னாடி இருக்கு. காலையில ஒண்ணு. மறந்துட்டு, சாயங்காலம் ரெண்டாப் போட்டுக்காதீங்க.”

“என்னடி சொல்ற? எங்க இருக்க நீ?” என்றார் அந்தப் பக்கம் கணவர்.

“குறுக்க பேசாதீங்க. கேக் சுடுற ஓவன்ல அடிப்பக்கம் கருகுது, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க. பெரியவளுக்குப் பிரசவம் பாக்க நான் இருக்க மாட்டேன். சம்பந்தியம்மாகிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க. அப்புறம்...” குரல் உடைந்தது, பல்லைக் கடித்துச் சரிசெய்துகொண்டார். “அப்புறம், நீங்க மறுபடி கட்டிக்கிறதுன்னா தாராளமாக் கட்டிக்குங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா உங்க அத்தை பொண்ணு மட்டும் வேணாம். அவ என் சட்டிப்பானையைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்.”

மூச்சக்கா சுவரைப் பார்த்தாள். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஜன்னலை நினைத்தாள், டோக்கனை நினைத்தாள், மாப்பிள்ளையை வேறு யாரோ தட்டிச் சமாதானம் செய்வதை நினைத்தாள். தெருத் தெருவாகத் தேடப்பட்ட தையல்காரரையும் நினைத்தாள். டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைச் சும்மா வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தப் பக்கம் ஒரு ஆண்பிள்ளை போனில் விசும்புகிற சத்தம் கேட்டது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது அவளுக்கு.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ப்ரோபை எடுத்து மறுபடி அடிவயிற்றில் வைத்து, சரியான இடத்தைத் தேடிப் பிடித்து, ஒலியைக் கேட்கிற பொத்தானை அமுக்கினாள். அறை முழுக்கக் குதிரை ஓடியது. டக்டக் டக்டக் டக்டக்.

“என்னது இது?” என்றார் பேக்கரிக்காரம்மா. “என் நெஞ்சா இப்படி அடிக்குது?”

“உங்க நெஞ்சு இந்த ஓட்டம் ஓடினா தாங்குமாம்மா?” மூச்சக்கா அழுதுகொண்டே சிரித்தாள். “கட்டிக்கு எங்கேயாவது நெஞ்சு அடிக்குமா? கட்டி காலை உதைக்குமா? இங்க பாருங்க, இது முதுகு, இது முட்டி. இதுதான் இத்தனை நாளா உள்ள உருண்ட கட்டி!”

பேக்கரிக்காரம்மா திரையைப் பார்த்தார். மூச்சக்காவைப் பார்த்தார். பிறகு அந்தப் பழைய நாலு தெருக் குரல் திரும்பி வந்தது.

“அடப்பாவி மனுஷா!”

“ஐயோ, என்னடி? என்ன ஆச்சு?” என்று போன் அலறியது.

“என்ன ஆச்சா? பேரன் பொறக்கிற நேரத்துல என்னைப் பெத்துக்க வெச்சுட்டீங்களே! பொண்ணு மூஞ்சியில நான் எப்படிய்யா முழிப்பேன்? மாப்பிள்ளை வீட்ல என்ன சொல்லுவேன்?” சிரிப்பு அவரைப் பிடித்து உலுக்கிற்று. வயிறு குலுங்கியதில் திரையில் குழந்தையும் சேர்ந்து குலுங்கிற்று. நடுவே மூச்சக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. “இதுக்காடி அழுத நீ? உன் மூஞ்சியைப் பாத்து நான் உயிலே எழுதிட்டேனே, பாவி! செத்துப் பொழைச்சேன்டி!” என்று அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார். இரண்டு பேர் துணியும் ஜெல்லாயிற்று.

“எனக்கு ஒண்ணும் புரியல. அங்க என்ன சத்தம் அது?” என்றது போன்.

அப்போதுதான் கதவு திறந்தது. கையில் பாதி பிரித்த கட்டுத் துணியோடு பெரிய சிஸ்டர் நின்றார். திரையைப் பார்த்தார், கட்டிப்பிடித்திருக்கும் இருவரையும் பார்த்தார்.

“டாக்டர் வந்துட்டாரா?”

“இல்ல சிஸ்டர்.”

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க,” என்று பேக்கரிக்காரம்மா முந்திக்கொண்டார். “நானே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கென்ன, மூணு பெத்தவ எனக்குத் தெரியாதா?”

பெரிய சிஸ்டர் அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. “நீ சொன்னியா?” என்றார்.

மூச்சக்கா முகத்தைக் கல்லாக்கிப் பார்த்தாள். வரவில்லை. வாய் காதுவரை போயிருந்தது, பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. “நான்தான் சிஸ்டர்,” என்றாள்.

“நாளையிலிருந்து ஜன்னல்.”

“சரிங்க சிஸ்டர்.”

“விளையாட்டுக்குச் சொல்லல.”

“தெரியும் சிஸ்டர்.”

“ஹலோ? ஹலோ?” என்று போன் கெஞ்சிற்று. “யாராவது சொல்லுங்களேன். எனக்குச் சரியாவே கேக்கல.”

“முதல்ல அந்தச் சத்தத்தைக் குறை,” என்றார் பெரிய சிஸ்டர்.

“இதோ சிஸ்டர்,” என்றாள் மூச்சக்கா, மிகவும் பணிவாக. ஒரு கையால் போனை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். மறு கையால் ஒலிக் குமிழைப் பற்றி, கூட்டுகிற பக்கமாக, அது போகிறமட்டும் திருப்பினாள்.