பேரம் பேசாமல் வாங்கிய வெங்காயம்

பெரம்பலூர் மாவட்டம் எங்கள் ஊரோடு முடிகிறது. வாய்க்காலைத் தாண்டினால் அரியலூர் மாவட்டம். வாரச்சந்தை அந்தக் கரையில்தான் கூடும். நாங்கள் சின்ன வெங்காயம் கொண்டுபோவோம், உடையார்பாளையம் பக்கத்துக்காரர்கள் முந்திரியோடு வருவார்கள். மாவட்டத்தைப் பிரித்தவர்களுக்குத்தான் அது எல்லை. எங்களுக்கு அது வெறும் வாய்க்கால், அதிலும் தண்ணீர் வராது.

சம்பந்தம் முடிவாவதும் அந்தச் சந்தையில்தான். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு, ஊருக்குப் போய் 'வேண்டாம்' என்று சொல்லியனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா சாமான் வாங்குகிறவர்போல வந்து, பெண்ணின் கையால் எடை போட்டு வாங்குவார். பேரம் பேசினால் இஷ்டமில்லை. சொன்ன விலையைக் கொடுத்தால் சம்மதம். பிறகு நாள் பார்த்துப் பேச வருவார்கள்.

கொரோனா வந்தபோது அக்காவுக்கு ஒரு முந்திரிக்காரர் வீட்டில் பேச்செடுத்திருந்தார்கள். பையனின் அம்மா வந்தார். அக்கா விலை சொன்னாள். மறுபேச்சில்லாமல் பணத்தை நீட்டி, வெங்காயத்தை வாங்கிக்கொண்டு போனார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ் அப்போது விசில் ஊதிக் கடைகளை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. விசில் எங்கள் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

அதோடு சந்தையை மூடினார்கள். வாய்க்கால் பாலத்தில் தடுப்பு வைத்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்குப் போக இ-பாஸ் வேண்டுமாம். எங்கள் பக்கம் வெங்காயம் அழுகிக் கிடந்தது. அந்தப் பக்கம் வெங்காயம் கிடைக்கவில்லை என்றார்கள். போன் போட்டுக் கேட்கலாமே என்றேன். பெண் வீட்டார் முந்திக்கொண்டு கேட்பதா என்று அப்பா முறைத்தார்.

இடையில் பெரம்பலூரிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. "ஒருத்தவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப மாத்திப் பேசக் கூடாதுங்க" என்று அக்காவே சொல்லி அனுப்பினாள். எங்களுக்கு அதில் பெருமை வேறு.

சந்தை மறுபடி கூடிய முதல் வாரம் பையனின் அம்மாவைப் பார்த்தோம். எப்போது பேச வருகிறீர்கள் என்று எங்கள் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அய்யோ, போலீசு வெரட்டுனதுல கேட்டதக் குடுத்துட்டு ஓடுனேங்க" என்றார் அவர். "பையனுக்கு எங்க பக்கத்துலயே முடிச்சுட்டோமே. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர்மேல் தப்பில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அம்மா கடைக்குத் திரும்பி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா யாருக்கோ வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். பையில் கொட்டி, சில்லறை கொடுத்து அனுப்பினாள்.

"அன்னைக்கு ஒரு ரூவா கொறச்சுக் கேட்டிருக்கலாம்ல அவங்க" என்றாள். "பெரம்பலூர்க்காரங்க வந்தப்ப நான் சரின்னு சொல்லியிருப்பேன்."