வாலை வெட்டினாலும் அசராத எண்

முன்னால் போகும் வண்டியின் நம்பரைப் படிக்காமல் ஜெயப்பிரியாவால் பஸ்ஸில் உட்கார முடியாது. 4011 போனால், "மூணால வகுபட்டுப் போச்சு" என்று முணுமுணுப்பாள். 2021 என்றால் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் வரை மண்டையை உடைத்துக்கொண்டு, "நாப்பத்திமூணு இன்ட்டு நாப்பத்தேழு" என்று பெருமூச்சு விடுவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் சற்று நகர்ந்து உட்காருவார்கள்.

கணிதம் படித்தவள். முட்டுக்காடு படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். அவளுக்கு ஒரு செல்ல எண் உண்டு: 73939133. ஏழு கோடியைத் தாண்டிய பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் பகா எண். மறுபடி வெட்டினாலும் அப்படியே, ஒற்றை ஏழு மட்டும் நிற்கும்வரை. இந்தக் குணமுள்ளவற்றில் இதைவிடப் பெரிய எண் கிடையாது. "இன்னா வெட்டு வெட்டினாலும் அசராது" என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்வாள், சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவதுபோல.

போன தை மாதம் அவள் கணவன் கலையரசன், மாமல்லபுரத்துக்கு சுற்றுலா ஆட்களை ஏற்றிப்போகப் புது வேன் வாங்கினான். கிடைக்கிற நம்பர்களில் 7393 இருந்தது. அவளுடைய செல்ல எண்ணின் முதல் நான்கு இலக்கம். ஜெயப்பிரியா அதைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் கோதண்டராமன் விரல்விட்டுக் கூட்டினார். "இருவத்திரெண்டு. ரெண்டும் ரெண்டும் நாலு. நாலு ராகும்மா. போன வண்டிக்கும் நாலுதான். கடப்பாக்கத்து மணல்ல மாட்டிகினு இன்னா பேஜாரு."

"மணல்ல எறக்குனது நீங்கதானே மாமா."

அவர் அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பரைச் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் நடுவில் கலையரசன் திருதிருவென விழித்தான்.

காலையில் இட்லித் தட்டோடு ஜெயப்பிரியா மாமனாரிடம் போனாள். "இந்த நம்பர ஒடைக்க முடியாது மாமா. நீங்களே வகுத்துப் பாருங்க. ஒடைஞ்சா நீங்க சொல்ற நம்பரே வச்சிக்கலாம்."

பேப்பர் ஓரத்தில் அவர் வகுக்கத் தொடங்கினார். இரண்டால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. மூன்றாலும் ஒன்று. நான்கு, ஆறு, ஏழு, எட்டு, எல்லாவற்றுக்கும் அதே ஒன்று. இட்லி ஆறிப்போனது.

"இன்னாம்மா இது, எதால போட்டாலும் ஒண்ணு நின்னுகினே கீது?"

ஐந்தால் வகுத்தபோது மூன்று மிஞ்சியிருந்தது. அதை அவர் சத்தமில்லாமல் அடித்துவிட்டார். அவளும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணு சூரியன்ம்மா. அந்த நம்பரயே சொல்லிடச் சொல்லு."

திருப்போரூர் கோயில் வாசலில் வேனுக்குப் பூஜை. குங்குமக் கிண்ணத்தோடு நம்பர் பலகை முன் குனிந்த கோதண்டராமன், கட்டைவிரலால் கடைசி மூன்றை மறைத்துவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஒன்பதையும் மறைத்தார். அதற்கும் தலையசைத்தாள். உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, தனியே நின்ற ஏழின் மேல் பொட்டு வைத்தார்.