அபுதாகிர் பாய் மறைத்து விழுங்கிய மாத்திரை

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அபுதாகிர் பாயின் மகள் ஷமீமா பேசினாள். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். பாய் இறந்துவிட்டார். மூளையில் கட்டி என்று மதுரையில் சேர்த்திருந்தார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். வரும் என்று தெரிந்த செய்திதான். பத்திரிகைக் கட்டை உரியவரிடம் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினேன். என் முகத்தைப் பார்த்து விஷயம் கேட்ட பக்கத்துச் சீட்டுக்காரர், "பிரியாணிக் கடை பாயா? கொழுப்பு அடைச்சிருக்கும்" என்றார். அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

அந்தச் சண்டையை இப்போது இங்கே போடுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவர் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அவரிடம் திட்டும் வாங்கியவர்கள். நான் அச்சகம் வைத்திருப்பவன். எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துக் கொடுத்திருக்கிறேன். பாசத்தின் இமயம், பண்பின் சிகரம் என்று வார்த்தைகள் எங்களிடம் தயாராகவே இருக்கும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். பாய்க்கு அதில் ஒன்றும் பொருந்தவில்லை. அவர் முன்கோபக்காரர், வீம்பு பிடித்தவர், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். எனக்கு அவரைப் போல இன்னொரு சிநேகிதர் வாய்க்கவில்லை.

அவர் கடைக்கும் என் அச்சகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தம் உடைத்துப் பிரியாணி அண்டாவைத் திறந்தால் இந்தப் பக்கம் என் காகிதமெல்லாம் மணக்கும். நான் அடித்த பத்திரிகையை முகர்ந்து பார்த்து, "பாய் வீட்டுக் கல்யாணமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர் மனைவி ஜொகராவை நான் ஆரம்பத்திலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்த முறையில் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்ள. கோபம் வந்தால் மட்டும் "யோவ் பிரஸ்காரரே" என்பார்.

அந்தக் கடைக்கு அவருடைய அத்தா காலத்திலிருந்து ஒரு பழக்கம் உண்டு. அண்டா திறந்ததும் முதல் தட்டு வாடிக்கையாளருக்குப் போகாது. வாசலை ஒட்டிய மேசையில் முதலாளி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்க, அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் வியாபாரம். "நான் திங்காதத உனக்குப் போடமாட்டேன்னு ஊருக்குத் தெரியணும் மாப்ள" என்பார். ஒருமுறை அவர் ஒரு மௌத்துக்குப் போய்விட்டு வர நேரமாகிவிட்டது. அதுவரை ஜனம் பசியோடு காத்திருந்ததே தவிர, யாரும் இலை கேட்கவில்லை. அவர் சாப்பிடுவதைப் பார்த்த பிறகு சாப்பிட்டால்தான் எங்களுக்கும் இறங்கும் என்கிற அளவுக்குப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது. உறவுக்காரர் ஒருவருக்குத் துணையாக மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவர், சும்மா இருக்காமல் தானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரையோடு கொழுப்பும் ஏகத்துக்கு இருந்தது. டாக்டர் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லி, சர்க்கரை மாத்திரையோடு தினமும் ஒரு ஸ்டாட்டின் மாத்திரையும் எழுதினார். நம் ஊரில் அதற்குக் கொழுப்பு மாத்திரை என்று பெயர். சர்க்கரை பரவாயில்லை, அது எல்லோருக்கும் இருக்கிறது, சொல்லிக்கொள்ளலாம். பிரியாணிக் கடைக்காரருக்கே கொழுப்பு என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது? அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜொகரா அக்காவிடம் சொன்னால் அது எப்படியும் கடை வரை வந்துவிடும் என்று அவரிடமும் சொல்லவில்லை. கொழுப்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துச் சோம்பு டப்பாவில் போட்டுக் கல்லாவுக்குள் வைத்தார். கடை சாத்தும் நேரத்தில் சோம்பு மெல்லுகிறவர் மாதிரி ஒன்றை விழுங்கிவிடுவார். முதல் தட்டையும் ஒரு பருக்கை குறைக்கவில்லை.

அப்படியே காலம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலும் விடாத சளியும் வந்து பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனார். நம் பக்கத்துக் கிளினிக் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டாக்டரின் அறைக்குள்ளேயே ஒரு பெஞ்சு கிடக்கும். அடுத்து வரவேண்டியவர்கள் அதில் உட்கார்ந்து, முன்னால் இருப்பவரின் நோயைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டாக்டர் முறையாகத்தான் கேட்டார், "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று. பாய் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவர் கடைக்கு வருகிறவர்கள். "சுகர் மாத்திரை மட்டுந்தான் டாக்டர். வேற ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிவிட்டார். பிற்பாடு இந்தக் கதையை அவரே, பெஞ்சுக்காரர்களின் முகங்களையெல்லாம் நடித்துக் காட்டிச் சொல்வார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்தையும், கல்லாவில் இருந்த கொழுப்பு மாத்திரையையும் அவர் சேர்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் தொடையும் தோளும் அடித்துப் போட்டது போல் வலித்தன. காய்ச்சல் வலி என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொன்னார். பிறகு ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே என் அச்சகத்துக்கு வந்து கதவைச் சாத்தினார். "மாப்ள, காலத் தூக்கி வைக்க முடியல. ஒண்ணுக்கு டிக்காஷன் மாதிரி போகுது" என்றார். அந்தக் குரலில் வீம்பு கொஞ்சம்கூட இல்லை. நான் காரைக் கூப்பிட்டேன். ஜொகரா அக்காவையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனோம்.

அங்கே இருந்த பெண் டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். பாய் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் இல்லை என்றார். டாக்டருக்குச் சந்தேகம். எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்டார். அப்புறம்தான் சோம்பு டப்பா வெளியே வந்தது. சளி மருந்துகளில் சில, கொழுப்பு மாத்திரையை உடம்பிலிருந்து கழியவிடாமல் ரத்தத்தில் ஏற்றிவிடும் என்றும், அதில் தசை சிதைந்து, சிதைந்தது போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்றும் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். இரண்டு மருந்தையும் உடனே நிறுத்தி, பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் தப்புமா என்று அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வராந்தாவில் ஜொகரா அக்கா அழவில்லை. கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தார். "கொழுப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது தம்பி. எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் என்ன தெருவுல போறவளா? டப்பாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாத்தியா?" என்றார். பாய் கண் விழித்துக் கொஞ்சம் தெளிந்ததும் அக்கா உள்ளே போனார். என்ன பேசிக்கொண்டார்களோ, வெளியே வரும்போது அக்காவின் முந்தானை நனைந்திருந்தது. மறுநாளிலிருந்து சிறுநீர் தெளிய ஆரம்பித்தது. அல்லாவுக்கு அடுத்தபடியாக அந்த டாக்டருக்குத்தான் நன்றி என்று பாய் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உடம்பு தேறிய பிறகு அதே டாக்டர் மறுபடியும் கொழுப்பு மாத்திரை எழுதினார். இந்த முறை வேறு வகை, குறைந்த அளவு. அக்கா சண்டைக்கே போய்விட்டார். "உசுர வாங்கப் பாத்தத மறுபடியும் எழுதுறீங்களே" என்று கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. "மாத்திரைய மட்டும் குத்தம் சொல்லாதீங்கம்மா. சளிக்குப் பாத்தவருக்கு இது தெரிஞ்சிருந்தா வேற மருந்து எழுதியிருப்பாரு. இவரு சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ஒண்ணுமே சாப்பிடாம விட்டா நாளைக்கு மாரடைப்போட வருவாரு. கம்மியா ஆரம்பிச்சு, ரத்தம் பாத்துப் பாத்துக் கூட்டலாம். தசை வலி வந்தாலோ ஒண்ணுக்கு நிறம் மாறினாலோ அன்னைக்கே வந்துடணும். நீங்களா நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது" என்றார். பாய் பயந்துபோய்த்தான் இருந்தார். அந்த அட்டை பிரிக்கப்படாமலே சில நாள் அலமாரியில் கிடந்தது. கடைசியில் அக்காவே ஒன்றைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கடைக்குத் திரும்பி வந்த நாளன்று அண்டா திறந்தது. முதல் தட்டு வந்தது. பாய் எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு ரத்தத்துல கொழுப்பு. மாத்திரை சாப்பிடுறேன். டாக்டரம்மா அளவாத் திங்கச் சொல்லியிருக்காங்க. அதனால இனிமே ருசி பாக்க ஒரு வாய்தான். பிரியாணில கொறையில்ல, எங்கிட்டதான் கொறை. புடிச்சா உக்காருங்க, புடிக்கலேன்னா போங்க" என்றார். வியாபாரம் போச்சு என்று நான் வாசலில் நின்று நினைத்தேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. கன்னிவாடியிலிருந்து கத்தரிக்காய் கொண்டுவரும் பழனிச்சாமி மட்டும் மெதுவாக, "பாய், நானும் அதத்தான் முழுங்குறேன்" என்றார். அடுத்த மேசையில் ஒருவர் தலையாட்டினார். அவருக்கு எதிரில் இருந்தவரும். கடையில் பாதிப் பேர் அந்த மாத்திரைக்காரர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அடப்பாவிகளா, இம்புட்டுப் பேரா?" என்று பாய் சிரித்த சிரிப்பில் என் அச்சகச் சுவர் அதிர்ந்தது.

அதிலிருந்து அவர் கடை ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பிட்டு முடித்தவர்கள் மாத்திரை அட்டையை எடுத்து வைத்துப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் தீர்ந்துவிட்டது, உன்னுடையதில் ஒன்று கொடு என்று பழனிச்சாமி ஒருவரிடம் வாங்கப் போனார். பாய் கல்லாவிலிருந்து கத்தினார். "ஏலே, இதென்ன பரோட்டா சால்னாவா, மாத்தி மாத்தித் தொட்டுக்க? அவனுது வேற மாத்திரை, உன்னுது வேற. போய் உன் டாக்டரப் பாரு." இன்னொருவர் மாத்திரை போடுகிற தைரியத்தில் இரண்டாவது தட்டு கேட்டார். "மாத்திரை போட்டா எதையும் அமுக்கலாம்னு எவன் சொன்னான்? போய்க் கொஞ்சம் நட" என்று அனுப்பிவிட்டார். தன் கடைக்கு வந்த வாடிக்கையாளரைச் சாப்பிடாதே என்று விரட்டிய முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நோன்பு மாதம் வருவதற்கு முன்பே டாக்டரிடம் போய், மாத்திரைகளை எந்தெந்த நேரத்தில் எடுப்பது என்று கேட்டு வந்துவிடுவார். சிறுமலையிலிருந்து யாரோ பம்பளிமாஸ் பழம் கொடுத்தபோதுகூட, இது மாத்திரைக்கு ஒத்துக்குமா என்று டாக்டரைக் கேட்டு, வேண்டாம் என்றதும் அப்போது மாத்திரை எதுவும் சாப்பிடாத எனக்கு உரிக்காமலே கொடுத்துவிட்டார். இதையெல்லாம் பார்த்த அக்கா, "ரத்தத்துல இருக்கிறது இறங்கிருச்சு தம்பி. வாயில இருக்கிற கொழுப்புக்குத்தான் மாத்திரை இல்ல" என்பார்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், அவரே முந்திக்கொண்டு தன் மாத்திரைகளை எல்லாம் மேசையில் எடுத்து வைப்பார். பெஞ்சில் யார் இருந்தாலும் சத்தமாகச் சொல்வார். "மறைக்கிறதுன்னா கடை மசாலாவ மறைச்சுக்க மாப்ள. உடம்ப மறைக்காத" என்று என்னிடம் சொன்னது இப்போதும் கேட்கிறது. அதன் பிறகு அவர் நெஞ்சு அவரை ஒருநாளும் தொந்தரவு செய்யவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றபோது, அங்கேயும் பேச்சு அப்படித்தான் இருந்தது. "இத்தன வருசமா மாத்திரை தின்னாருல்ல, அதான் மூளையில வந்துருச்சு" என்றார் ஒருவர். யார் கண்டது என்று மற்றவர்கள் தலையாட்டினார்கள். கட்டிக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்று மதுரை டாக்டர்கள் ஷமீமாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது நானும் கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவன். கொஞ்ச நாளாக எனக்குக் கெண்டைக்கால் வலி. மகள் கல்யாண வேலை நடக்கிற வீட்டில் எதற்கு என்று யாரிடமும் சொல்லாமல், ஒரு வாடிக்கையாளர் கொடுத்த மூலிகைப் பொடியைத் தின்றுகொண்டிருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தவன், போடாமல் குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி மகேஸ்வரி, "என்ன?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுநாளே அவள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பெஞ்சில் மகளுக்குப் பார்த்த சம்பந்தி வீட்டுக்காரர்களே இருந்தார்கள். நான் அவர்கள் முன்னாலேயே கால் வலியைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், பொடிப் பொட்டலத்தையும் மேசையில் வைத்தேன். பொடியை உடனே நிறுத்தச் சொல்லி, ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார் டாக்டர். முடிவு வரும்வரை மாத்திரையை நானாக நிறுத்த வேண்டாம் என்றும், வலி கூடினால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ரத்தத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. அபுதாகிர் பாயிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒன்றுதான். கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது.

வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு வீடு வரும்வரை மகேஸ்வரி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். எப்போதும் அவள் திட்டி முடித்ததும் பாயிடம் போய்ச் சொல்வாள், மீதியை அவர் திட்டுவார். வாசலில் வண்டியை நிறுத்தியபோது அவள் ஓய்ந்திருந்தாள். மீதியைத் திட்ட ஆள் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அங்கேயே நின்று அழுதோம்.