ஒட்டாமல் விட்ட மூலை

சாய்ந்தமருதில் வாடகைக்கு ஓடிய கார்களில் ஜவுபரின் ஒஸ்டின்தான் மிகப் பழையது. மிகவும் செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்டதும் அதுதான். வாப்பா மௌத்தாகி அடக்கமானபிறகு உம்மாவுக்கும் தங்கச்சி நதீராவுக்கும் சோறு போட்டது அந்தக் கார் என்பதால், அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் முகம் சுண்டிப்போகும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நான் அடிக்கடி சொல்வேன்.

வெளியில் பார்த்தால் கார் மினுங்கும். உள்ளே பார்த்தால்தான் வயிறு எரியும். யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் எங்கள் கரையோர வீதியில் இராணுவச் சாவடிக்குச் சாவடி சோதனை. கதவின் உட்பக்கப் பலகைக்குப் பின்னால் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று இரும்புக் கம்பியை விட்டு நெம்பிப் பார்ப்பார்கள். வருடக்கணக்கில் நெம்பியதில் நான்கு பலகைகளின் ஓரமும் எலி கொறித்ததுபோல் ஆகிவிட்டது. ஜவுபர் அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி மறைத்துப் பார்த்தான். ஏறி இறங்கியவர்களின் சட்டையில் எண்ணெய் பட்டதுதான் மிச்சம்.

தொண்ணூற்றாறில் நதீராவுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். பளீல் என்று ஒரு வாத்தியார், தங்கமான பிள்ளை. பேச வந்தவர்களை ஜவுபர்தான் காரில் கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது மாப்பிள்ளையின் கூடப்பிறந்த ராத்தாவின் பட்டுச்சேலை பலகைச் சிலும்பில் கொளுவி நூல் இழுபட்டது. அவ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் இவனுக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரை அழைத்துவருவது பெண்ணின் சகோதரன் பொறுப்பு. இந்தக் கதவைத் திறந்தா புதுமாப்பிள்ளையை ஏற்றுவது என்று அன்றிரவு முழுக்கப் புலம்பினான்.

மறுநாள் கல்முனை பஸாருக்குப் போய், அலுமாரிக்கும் மேசைக்கும் ஒட்டுகிற ஸ்டிக்கர் சீட்டு ஒரு சுருள் வாங்கிவந்தான். தேக்குமரக் கோலம் போட்டது. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம், அதனால் சீட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை மட்டும் எனக்குத் தந்தான்.

முதல் பலகை அழகாக ஒட்டியது. நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், வெயில் பட்ட பப்படம் மாதிரி சுருண்டு கிடந்தது. அத்தனை வருடமாகத் தடவிய எண்ணெய் சும்மா விடுமா? நதீரா வந்து பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பலகைகளைக் கழற்றித் தரச்சொன்னாள். சவர்க்காரமும் சுடுதண்ணியும் போட்டு உரஞ்சி வெயிலில் வைத்தாள். கல்யாணப் பெண் கையில் மருதாணிக்குப் பதில் கார்க் கதவின் எண்ணெய்.

கீறல் பள்ளங்களை முதலில் மக்குப் பசை பூசி அடைக்கவேண்டும், இல்லாவிட்டால் சீட்டுக்கு மேலால் தெரியும் என்று நான் வாதாடினேன். மக்குக் காய நாளாகும், கல்யாணம் காத்திருக்காது என்று அவன் மறுத்துவிட்டான். எனக்குக் கோபம். ஆனாலும் நுனியைப் பிடித்தேன். பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, மடித்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, காற்றுக் கொப்புளம் வந்த இடத்தில் நதீராவின் தையல் ஊசியால் குத்தி, வளைவில் சூடான துணியால் ஒற்றி மடக்கினான். பழைய திருகாணிகள் துருப்பிடித்திருந்ததால் புதிய பித்தளைத் திருகாணி போட்டான். உண்மையைச் சொன்னால், கீறல் இருந்த இடமே தெரியவில்லை. அவன் உம்மா ஆயிஷா உம்மா காருக்குள் ஏறி உட்கார்ந்து, "இப்பதான் மனே இது கார் மாதிரிக் கிடக்கு" என்றா.

கல்யாணத்தன்று ஜவுபரும் நானும் அக்கரைப்பற்றுக்குப் போகும்போது சாவடியில் தெரிந்த முகம் இருந்தது, கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஆள் மாறியிருந்தது. புதிதாக வந்த இளம் சிப்பாய் கதவைத் திறந்தான், பார்த்தான், அப்படியே நின்றான். புதுப் பலகை, புதுத் திருகாணி. எங்கும் ஒரு கீறல் இல்லை. அந்த வீதியில் ஓடுகிற கார் ஒன்றின் கதவு அப்படி இருக்கவே முடியாது. அலங்காரத்தில் மூழ்கிக்கிடந்த எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் இது ஏறவே இல்லை.

எல்லோரையும் இறக்கினார்கள். தலைப்பாகையோடு மாப்பிள்ளை வீதியோரம் நின்றார். பலகையைக் கழற்ற ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்டார்கள். கார் சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஜவுபர் அதையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். பொழுது பட்டால் பாதை மூடிவிடும். மாப்பிள்ளை இந்தப் பக்கம், நதீரா அந்தப் பக்கம். அதைவிடப் பெரிய பயம், இதைவிடச் சின்னச் சந்தேகத்துக்கே அந்நாளில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் மெல்ல மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒதுங்கினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே ஒதுங்கினேன்.

மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து மூத்த அதிகாரி ஒருவர் கையில் கம்பியோடு வந்து, உள்ளே என்ன என்று தெரிந்த தமிழில் கேட்டார். ஜவுபர் குனிந்து, கதவின் கீழ் மூலையில் நகத்தை விட்டு, தான் பார்த்துப் பார்த்து ஒட்டிய சீட்டை ஒரு சாண் அளவுக்கு உரித்தான்.

"பாருங்க ஐயா. கம்பி போட்டுக் கம்பி போட்டு வந்த கீறல். தங்கச்சிர கலியாணம். வெக்கத்துல மூடினன். வேற ஒண்டுமில்ல."

அதிகாரி குந்தி உட்கார்ந்தார். கம்பியின் நுனியை ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. அடுத்த பள்ளத்திலும் பொருந்தியது. ஓரத்தை மெல்ல நெம்பி டோர்ச் அடித்தார். கண்ணாடி ஏற்றும் கம்பியைத் தவிர உள்ளே எதுவுமில்லை. எழும்பி, மாப்பிள்ளையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நம்ம வேலைதான். போங்க" என்றார்.

நிந்தவூர் வரும்வரை மாப்பிள்ளை உரிந்து தொங்கிய மூலையையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே குரலைச் செருமிக்கொண்டு, "மச்சான், நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றார். ஜவுபர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கார் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியதும் பெண்கள் குரவையிட்டார்கள். வாசலில் நின்ற ஆயிஷா உம்மா எங்களை ஒவ்வொருவராக எண்ணுவதுபோல் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டா.

கல்யாணச் சந்தடி அடங்கியபிறகு, தொங்கிக்கொண்டிருந்த மூலையைப் பார்த்த நதீரா பசை எடுத்து வந்தாள். ஜவுபர் தடுத்தான்.

"விடு புள்ள. அது அப்பிடியே கிடக்கட்டும்."

மற்ற மூன்று கதவுகளிலும் தானே போய் ஒவ்வொரு மூலையை உரித்துவிட்டான். சாவடியில் மறித்தால், கேட்குமுன்பே மூலையைத் தூக்கிக் கீறலைக் காட்டுவான். அதைப் பார்த்த பிறகு யாரும் கம்பியை எடுக்கவில்லை.