தெருக் கோட்டும் என் முதுகும்

நான் கோட்டுப் போடாததற்கு ஊரில் பல காரணங்கள் சொல்வார்கள். கதர்க் கட்சிக்காரன் என்று சிலர். கஞ்சன் என்று பலர். வெள்ளைக்காரன் மேல் உள்ள கோபம் என்று ஒருவர் மேடையிலேயே பேசிவிட்டார். கை தட்டினார்கள், நானும் மறுக்கவில்லை. உண்மைக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம்.

அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலையில் இருந்தேன். யாருக்கு எந்தத் துணி பொருந்தும் என்று காலை முதல் விளக்கு வைக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. "அண்ணாச்சி, இந்தக் கரை உங்களுக்குன்னே நெய்து வந்தது" என்று கூசாமல் சொல்வேன். எனக்கென்று ஒரு துணி எடுக்கச் சொன்னால் மட்டும் கை ஓடாது. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டால் நானும் மடித்துவிடுவேன். அவர் இறக்கிவிட்டால் நானும் இறக்கிவிடுவேன். அவருக்கு இடது கையில் படை வந்து, மருந்து போடுவதற்காக அந்தக் கையை மட்டும் மடித்துவிட்டிருந்தபோது, நானும் ஒரு கையை மட்டும் மடித்துக்கொண்டு திரிந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிறிஸ்தவத் தெருவுக்கு மொத்தமாக ஒரே ஒரு கோட்டு இருந்தது. முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்தது. கறுப்புக் கம்பளி. பெண் பார்க்கப் போகிறவனும் கோயிலில் தாலி கட்டப் போகிறவனும் அதை வாங்கி, வேட்டிக்கு மேல் போட்டுக்கொண்டு போவது தெரு வழக்கம். திருப்பிக் கொடுக்கும்போது வெயிலில் காயவைத்து, பையில் பாச்சை உருண்டை போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த நெடி வந்தாலே எங்கள் தெருவில், "யாருக்குப்பா கல்யாணம்?" என்று கேட்பார்கள். ஆறடி ஆளுக்குத் தைத்த கோட்டு அது. உயரமானவன் போட்டால் கோட்டு, நான் போட்டால் போதகர் அங்கி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் பார்க்கப் போன பெண் பள்ளிக்கூடத்து டீச்சர். அதற்கு முந்தைய அறுப்பின் பண்டிகையில் அவளைப் பார்த்திருந்தேன். எல்லாப் பெண்களும் பெட்டியிலிருந்து சரிகையை எடுத்து உடுத்திவந்த நாளில் அவள் ஒரு கருநீலச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குக் காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலத்தில் விடாமல் கேட்டு ஒரு பரங்கிக்காயை வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு தானே நடந்து போனாள். யார் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அவள் பக்கத்தில்கூட வந்ததாகத் தெரியவில்லை. இவள் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். அதற்கு முன் வந்த இரண்டு பேரை அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் என்பது கேள்வி.

கோட்டைக் கேட்டு வாங்கினேன். உள்ளே போட நல்ல சட்டை இல்லை. அக்கா ஒரு யோசனை செய்தாள். முன்பக்கத்துக்கும் கழுத்துப் பட்டைக்கும் நல்ல மல் துணி. முதுகுக்குக் பம்பாயிலிருந்து கடைக்கு வரும் பேல் என்ற துணிப்பொதியில் சாக்குக்கு உள்ளே சுற்றியிருக்கும் காடாத் துணி. பேலின் மேல் குத்திய கறுப்பு மை எழுத்து அந்தக் காடாவரை இறங்கியிருக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது. "கோட்டுக்குள்ள இருக்க முதுக எவன்டா பாக்கப் போறான்?" என்றாள் அக்கா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நானும் அக்கா புருஷனும் பஸ் ஏறிப் போனோம். பெண்ணின் அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெபம் செய்தார், பலகாரம் வந்தது. வியர்வை முதுகில் ஓடையாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நடுப் பொத்தான் மட்டும் வேற நிறமா இருக்கே. ஐப்பசியில வந்த பையனுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தி வந்தவருக்கும் இதேதான்."

"ஒரே டெய்லர்ட்ட தச்சிருப்பாக மாமா," என்றார் அத்தான். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுக்களையிலிருந்து அவள் குரல் கேட்டது. மெதுவாகப் பேச வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை.

"அப்பா, கோட்டு வந்திருச்சு. மாப்பிள்ள எப்ப வாராகளாம்?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவள்மேல், அடுத்த நொடியே என்மேல். மனதார ஒரு பெண்ணை விரும்பிவிட்டு, கோட்டைப் பெண் பார்க்க அனுப்பிய முட்டாள் நான்தானே! விருட்டென்று எழுந்து, கோட்டைக் கழற்றி, பின்னால் உட்கார்ந்திருந்த அத்தான் மடியில் போடத் திரும்பினேன். என் முதுகு நினைவே இல்லை.

காபியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்று, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"யூஸ் நோ ஹூக்ஸ். கொக்கி போடாதீகன்னு எழுதியிருக்குப்பா."

"யாருக்கு எழுதியிருக்கு?" என்றார் ஏட்டு, விசாரணைத் தொனியில்.

"பேல் தூக்குத கூலிக்காரவுகளுக்கு."

பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், காபி தம்ளர்கள் தட்டில் ஆடின. அத்தான் கோட்டை விரித்து என் முதுகை மூட வந்தார். நான் அவர் கையைத் தள்ளிவிட்டேன்.

"சட்டை என்னுது," என்றேன். "கோட்டு எங்க தெருவோடது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தாள். அப்பாவைக் கேட்காமல் நேரே என்னிடமே கேட்டாள்.

"பொறவு எதுக்கு அதப் போட்டுட்டு வந்தீக?"

"உங்களுக்குப் பிடிக்கணுமேன்னுதான்."

"முந்தி வந்தவுகளும் அதுக்குத்தான் போட்டுட்டு வந்திருப்பாக. எனக்கு என்ன பிடிக்கும்னு ஒருத்தரும் கேக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் துணியைப் பிரிப்பதற்கு முன்னால் எல்லோரிடமும் முதலில் கேட்கிற கேள்வி அது. இவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"என்ன பிடிக்கும்?" என்றேன்.

அவள் செத்த நேரம் யோசித்தாள். "தெரியல. கேட்டாத்தான யோசிப்பாக? இனிமேத்தான் யோசிக்கணும்," என்றாள். அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, எனக்குச் சம்மதம்."

ஏட்டு இரண்டாம் தடவை ஜெபம் செய்தார். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தான் கோட்டை நீட்டினார். "போட்டுக்கோ மாப்ள, கடைத்தெரு வழியா போகணும், மானம் போயிரும்."

வேண்டாம் என்றேன். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தெரியாதவர்போல் பத்தடி முன்னால் போனார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் என் முதுகைப் படித்தார்கள். படிக்கட்டும் என்று நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் எந்தத் துணியையும் உடுத்தியதில்லை.